முள்வால் கொம்புத் திருக்கை

முள்வால் கொம்புத் திருக்கை என்பது வெப்பக் கடல்களிலும் மிதவெப்பக் கடல்களிலும் வாழும் ஒரு பெரிய குருத்தெலும்பு மீன் இனமாகும். இதன் அறிவியற் பெயர் மொபுலா மொபுலார். இது மொபுலிடே எனப்படும் கொம்புத் திருக்கைக் குடும்பத்தைச் சேர்ந்தது. சிறகு போன்ற மார்புத் துடுப்புகள் விரிந்த நிலையில் இதன் உடல் 3 மீட்டருக்கு மேல் அகலம் கொண்டதாக வளரக்கூடியது. இவ்வளவு பெரிதாக இருந்தாலும் கடல்நீரில் மிதக்கும் சிற்றுயிர்களையே இது முதன்மை உணவாகக் கொள்கின்றது. மனிதரைத் தாக்கும் இயல்பு இதற்கு இல்லை.

இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2018 ஆம் ஆண்டு மதிப்பீட்டில் இதனை அருகிய இனமாக வகைப்படுத்தியது. மூன்று தலைமுறைக் காலத்தில், அதாவது ஏறத்தாழ 38 ஆண்டுகளில், உலகளவில் இதன் எண்ணிக்கை 50 முதல் 79 விழுக்காடு வரை குறைந்திருக்கக்கூடும் என்று அம்மதிப்பீடு கருதியது. சில இடங்களில் இம்மீன் இறைச்சிக்காகவும் செவுள் தட்டுகளுக்காகவும் பிடிக்கப்பட்டு வந்துள்ளது. ஆயினும் சூரை, சாளை போன்ற வேறு மீன்களுக்காக இடப்படும் வலைகளில் அகப்பட்டு இறப்பதே இதற்கு நேரும் பேரிழப்பாகும். ஒரு பேற்றில் ஒரு குட்டியை மட்டுமே ஈனுவதால் அவ்விழப்பை இவ்வினத்தால் விரைவில் ஈடுசெய்ய முடிவதில்லை.

பெயரும் வகைப்பாடும்

இம்மீனின் தலையில், வாயின் இரு பக்கங்களிலும், முன்னோக்கி நீண்ட இரு தசை மடல்கள் உள்ளன. நீந்தும்போது இவை சுருண்டு கொம்புகளைப் போலத் தோன்றும். இத்தோற்றத்தைக் கொண்டே ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இதற்குப் பேய் அல்லது சாத்தான் என்ற பொருள் தரும் பெயர்கள் ஏற்பட்டன. தமிழ்நாட்டுக் கரையோரங்களில் இக்குடும்பத்து மீன்கள் கொம்புத் திருக்கை எனப்படுகின்றன. இவ்வினத்தின் வாலடியில் முள் ஒன்று காணப்படுவதால் முள்வால் என்ற அடைமொழி வழங்கப்படுகின்றது.

பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் யோசப் பொன்னத்தேர் 1788 ஆம் ஆண்டில் இவ்வினத்தை விவரித்தார். 1841 ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர்களான முல்லர், என்லே ஆகியோர் சப்பான் பகுதியில் கிடைத்த ஒத்த மீனொன்றைத் தனி இனமாக விவரித்தனர். அது பின்னர் மொபுலா சப்பானிக்கா என்று அழைக்கப்பட்டது. இதன் பின் நெடுங்காலம், நடுநிலக் கடலில் வாழ்வது மொபுலா மொபுலார் என்றும், பிற பெருங்கடல்களில் வாழ்வது மொபுலா சப்பானிக்கா என்றும் கருதப்பட்டு வந்தது. 2017 ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வும் உடலமைப்பு ஆய்வும் இவ்விரண்டும் ஒரே இனம் என்ற முடிவுக்கு வந்தன. முதலில் இடப்பட்ட பெயருக்கே முன்னுரிமை என்னும் விதிப்படி மொபுலா மொபுலார் என்ற பெயர் நிலைத்தது. மான்டா திருக்கைகளும் மொபுலா பேரினத்தினுள்ளேயே அடங்கும் என்பதும் அதே ஆய்வில் முன்வைக்கப்பட்டது.

இப்பெயர் மாற்றம் பாதுகாப்போடும் தொடர்புடையது. முன்னர் நடுநிலக் கடலின் மீன் மட்டுமே அருகியதாகக் கணிக்கப்பட்டிருந்தது. இரண்டும் ஒன்றாக்கப்பட்ட பின், உலகக் கடல்கள் அனைத்திலும் உள்ள மீன்களைச் சேர்த்து மதிப்பிட வேண்டியதாயிற்று. அவ்வாறு மதிப்பிட்டபோதும் இனம் அருகியதே என்று தெரியவந்தது.

உடலமைப்பு

பிற திருக்கைகளைப் போன்றே இதன் உடலும் மேலிருந்து கீழாகத் தட்டையானது. மார்புத் துடுப்புகள் நீண்டு கூரிய முனைகளைக் கொண்ட முக்கோணச் சிறகுகளாக அமைந்துள்ளன. திருக்கைகளின் அளவு பொதுவாக ஒரு சிறகு முனையிலிருந்து மறு சிறகு முனை வரையுள்ள அகலத்தாலேயே குறிக்கப்படும். அண்மைக் கால ஆய்வுகளில் அளக்கப்பட்ட பெரிய மீன்கள் 3 மீட்டரைச் சற்றே கடந்தவை. நடுநிலக் கடலில் 5.2 மீட்டர் அகலமுள்ளவை இருந்ததாகப் பழைய பதிவுகள் கூறுகின்றன.

இவ்வினத்தை அதன் உறவினங்களிலிருந்து பிரித்தறியப் பின்வரும் அடையாளங்கள் உதவுகின்றன.

- முதுகுப்புறம் கருநீலமாக இருக்கும். தலைக்குப் பின்னே ஒரு தோளிலிருந்து மறு தோள் வரை பிறை வடிவான கரும்பட்டை காணப்படும். வயிற்றுப்புறம் வெண்மையானது.
- முதுகுத் துடுப்பின் முனை வெண்ணிறமானது.
- வால் சாட்டை போல மெலிந்து நீண்டது. சிதைவுறாத வால் உடலின் அகலத்தை ஒத்த நீளமுடையதாக இருக்கும்.
- முதுகுத் துடுப்புக்குச் சற்றுப் பின்னே, வாலின் அடியில், ஒரு முள் உண்டு.
- வாய் தலையின் கீழ்ப்புறத்தில் அமைந்துள்ளது. மான்டா திருக்கைகளில் வாய் தலையின் முன்முனையில் இருக்கும்.

கொம்புத் திருக்கைகள் தொடர்ந்து நீந்துவதன் மூலமே வாய்வழியே நீரைச் செலுத்திச் செவுள்களால் மூச்சுவிடுகின்றன. கடலடியில் அசையாது படுத்திருக்கும் திருக்கைகள் நீரை உள்ளிழுத்து மூச்சுவிடுவதைப் போல் இவற்றால் இயல்வதில்லை. எனவே வலையில் சிக்கி அசைவற்றுப் போகும் கொம்புத் திருக்கை நீருக்குள் இருக்கும்போதே மூச்சுத் திணறக்கூடும்.

பரவலும் வாழிடமும்

அத்திலாந்திக்குப் பெருங்கடல், பசிபிக்குப் பெருங்கடல், இந்தியப் பெருங்கடல், நடுநிலக் கடல் ஆகியவற்றில் இவ்வினம் காணப்படுகின்றது. கரையோரத்திலும் கரையிலிருந்து வெகு தொலைவிலுள்ள ஆழ்கடற் பரப்பிலும் இது வாழும். தனித்தும் கூட்டமாகவும் நீந்தும். சில வேளைகளில் நீர்ப்பரப்புக்கு மேலே துள்ளி விழுவதும் உண்டு.

இவை பெரும்பாலான நேரத்தை மேல் நீரடுக்கிலேயே கழிக்கின்றன. கலிபோர்னியா வளைகுடாவில் மின்னணுக் குறிகள் பொருத்திக் கண்காணிக்கப்பட்ட மீன்கள் பெரும்பாலும் 50 மீட்டருக்கு உட்பட்ட ஆழத்திலேயே இருந்தன. எனினும் தேவைப்படும்போது மிக ஆழமாகவும் இவை மூழ்கும். நடுநிலக் கடலில் 600 மீட்டருக்கும் கூடிய ஆழத்துக்குச் சென்றதும், நியூசிலாந்துக்கு அருகில் குறியிடப்பட்ட ஒரு மீன் 1,112 மீட்டர் ஆழத்தை எட்டியதும் பதிவாகியுள்ளன. நியூசிலாந்துக் கடலில் கோடையில் காணப்பட்ட மீன்கள் பின்னர் வடக்கே 1,400 முதல் 1,800 கிலோமீட்டர் வரை பயணம் செய்து வெப்பக் கடற்பகுதிகளை அடைந்தன. இத்தகைய நெடும்பயணத்தின்போது ஒரே மீன் பல நாடுகளின் கடல் எல்லைகளைக் கடந்து செல்கின்றது. ஒரு நாடு தனித்து இயற்றும் சட்டத்தால் இதனை முழுமையாகக் காக்க முடியாமைக்கு இதுவே காரணமாகும்.

உணவு

கிரில் எனப்படும், இறாலை ஒத்த சிற்றுயிர்களே இதன் முதன்மை உணவாகும். சிறிய கூட்ட மீன்களையும் உண்ணும். உணவு செறிந்த நீரில் நுழையும்போது தலை மடல்களை விரித்து நீரை வாய்க்குள் செலுத்தும். அந்நீர் செவுள் பிளவுகள் வழியே வெளியேறும்போது, செவுள் வளைவுகளில் அடுக்கடுக்காக அமைந்த தட்டுகள் உணவைப் பிரித்து வைத்துக்கொள்கின்றன.

இத்தட்டுகள் வெறும் சல்லடையாக மட்டும் இயங்குவதில்லை. நெருங்கிய உறவினமான மான்டா திருக்கையைக் கொண்டு செய்யப்பட்டு 2018 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வின்படி, தட்டுகளின் மடிப்புகளில் மோதும் துகள்கள் தெறித்து நீரோட்டத்தோடு தொண்டையை நோக்கிச் செல்கின்றன. இதனால் இடைவெளியை விடச் சிறிய துகள்களையும் பிரிக்க முடிகின்றது. அத்துடன் சல்லடை எளிதில் அடைபடுவதும் இல்லை.

கிரிலும் சிறு மீன்களும் பெருகும் இடங்களுக்கே சூரை மீன்களும் வருகின்றன. அவற்றைத் தேடி மீன்பிடிக் கப்பல்களும் அங்கேயே வருகின்றன. கொம்புத் திருக்கைகள் தவறுதலாக வலைகளில் அகப்படுவதன் அடிப்படைக் காரணம் இதுவாகும்.

இனப்பெருக்கம்

இவ்வினம் குட்டி ஈனும் மீனாகும். முட்டை தாயின் உடலுக்குள்ளேயே பொரிந்து குட்டி அங்கேயே வளர்கின்றது. தாய்க்கும் குட்டிக்கும் இடையே தொப்புள்கொடித் தொடர்பு கிடையாது. முதலில் மஞ்சட்கருவாலும், பின்னர் கருப்பையின் உட்சுவரில் சுரக்கும் கொழுப்பு நிறைந்த பால் போன்ற நீர்மத்தாலும் குட்டி ஊட்டம் பெறுகின்றது. பெண் மீனில் இடப்பக்கக் கருப்பை மட்டுமே செயற்படும். ஏறத்தாழ ஓராண்டுக் காலக் கருவளர்ச்சிக்குப் பின் ஒரேயொரு குட்டி பிறக்கும்.

மெக்சிக்கோவில் பிடிபட்ட மீன்களின் முள்ளெலும்புகளில் உள்ள வளர்ச்சி வளையங்களை எண்ணிப் பார்த்ததில், மிக மூத்த மீனின் அகவை 14 ஆண்டுகள் எனக் கணிக்கப்பட்டது. அத்தரவுகளைக் கொண்டு 2016 ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, இவ்வினத்தின் எண்ணிக்கை மிகச் சாதகமான சூழலிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 விழுக்காடு மட்டுமே பெருகக்கூடும் என்று மதிப்பிட்டது.

இக்கணிப்பின் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு கடற்பகுதியில் 1,000 மீன்கள் உள்ளன எனக் கொள்வோம். மீன்பிடி அறவே இல்லாவிட்டாலும் அவை 2,000 ஆவதற்கு ஏறக்குறைய 9 ஆண்டுகள் வேண்டும். மாறாக, ஆண்டுதோறும் நூற்றுக்கு எட்டுக்கு மேற்பட்டவை மீன்பிடியால் இறக்குமாயின் அக்கூட்டம் தொடர்ந்து குறைந்துகொண்டே போகும். இலட்சக்கணக்கில் முட்டையிடும் சாளை, சூரை போன்ற மீன்களுக்குத் தாங்கக்கூடிய மீன்பிடி அளவை இவ்வினத்தால் தாங்க முடியாது.

அச்சுறுத்தல்கள்

சுருக்கு வலைகள்

சூரை பிடிக்கும் பெரிய கப்பல்கள் மீன் கூட்டத்தைச் சுற்றி வலையை வளைத்து, அதன் அடிப்பகுதியைக் கயிற்றால் சுருக்கி மூடுகின்றன. உள்ளே அகப்பட்ட கொம்புத் திருக்கைகள் சூரைகளோடு சேர்த்து மேலேற்றப்படுகின்றன. உலகெங்கும் சுருக்கு வலைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 13,000 கொம்புத் திருக்கைகளும் மான்டா திருக்கைகளும் சிக்குவதாக 2016 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது.

செவுள் வலைகள்

பெரிய கப்பல்கள் மட்டுமே கேடு விளைவிப்பதாகக் கூற முடியாது. கடலில் சுவர் போல விரித்து மிதக்கவிடப்படும் செவுள் வலைகளும் இம்மீன்களை அதிகமாகப் பிடிக்கின்றன. இலங்கையின் மீன் இறங்குதுறைகளில் 2010 ஆம் ஆண்டு முதல் 2020 ஆம் ஆண்டு வரை திரட்டப்பட்ட தரவுகளை ஆராய்ந்து 2021 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டியது. இலங்கையின் சிறு படகுகள் பிடித்த கொம்புத் திருக்கைகளின் மதிப்பிடப்பட்ட எண்ணிக்கை, உலகின் சூரை சுருக்கு வலைக் கப்பல்கள் அனைத்தும் பிடிப்பதாக மதிப்பிடப்பட்ட எண்ணிக்கையை விட மிகக் கூடுதலாக இருந்தது. இலங்கையில் கரையிறக்கப்படும் கொம்புத் திருக்கைகளுள் முள்வால் கொம்புத் திருக்கையே மிகுதியாகும். இந்தியாவில் தூத்துக்குடி, சென்னை உள்ளிட்ட துறைமுகங்களிலும் கொம்புத் திருக்கைகள் கரையிறக்கப்பட்டு வந்துள்ளன.

ஒரு படகுக்கு ஒன்றிரண்டு மீன்களே கிடைத்தாலும், படகுகளின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் இருப்பதால் மொத்த இழப்பு பெரிதாகின்றது. இதன் இறைச்சி மலிவானது. அது பெரும்பாலும் கருவாடாக்கப்பட்டு விற்கப்படுகின்றது. எனவே சூரைக்காகக் கடலுக்குச் செல்லும் மீனவருக்கு இது ஒரு துணை வருவாய் மட்டுமேயாகும்.

செவுள் தட்டு வணிகம்

இக்குடும்பத்து மீன்களின் செவுள் தட்டுகள் உலர்த்தப்பட்டுச் சீனாவிலும் ஆங்காங்கிலும் மருந்துப் பொருளாக விற்கப்படுகின்றன. தெற்குச் சீனாவின் குவாங்சௌ நகரம் இவ்வணிகத்தின் நடுவமாக விளங்கியது. நீரை வடிகட்டும் உறுப்பு மனித உடலின் நச்சையும் வடிகட்டும் என்ற நம்பிக்கையில் இவை சூப்பில் இட்டு உண்ணப்படுகின்றன. அவ்வாறான மருத்துவப் பயன் அறிவியல் முறையில் நிறுவப்படவில்லை. மலிவான இறைச்சியை விடத் தட்டுகளுக்குக் கூடுதல் விலை கிடைத்ததால், முன்னர் கடலிலேயே விடப்பட்ட மீன்களையும் கரைக்குக் கொண்டுவரும் வழக்கம் சில இடங்களில் ஏற்பட்டது.

காசாக் கரையில் நிகழ்ந்தது

2013 ஆம் ஆண்டு பெப்ரவரி மாத இறுதியில் நடுநிலக் கடலின் கிழக்கிலுள்ள காசாக் கரையில் நூற்றுக்கணக்கான முள்வால் கொம்புத் திருக்கைகள் கிடந்த காட்சிகள் உலகச் செய்திகளில் வெளியாயின. அவை தாமாகவே கரையொதுங்கி இறந்தன என்று முதலில் பலரும் எண்ணினர். பின்னர் மேற்கொள்ளப்பட்ட ஆய்வுகள், இளவேனிலை ஒட்டிய மாதங்களில் அக்கடலுக்கு வரும் இம்மீன்களை உள்ளூர் மீனவர்கள் சுருக்கு வலைகளால் பிடித்து வந்ததை வெளிப்படுத்தின. அங்குப் பிடிபட்ட ஆண் மீன்களுள் பெரும்பாலானவை முதிர்ச்சி அடைந்து இனச்சேர்க்கைக்குரிய நிலையில் காணப்பட்டன. ஆகவே அக்கடற்பகுதி இவ்வினத்தின் இனச்சேர்க்கை இடங்களுள் ஒன்றாக இருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதினர். இறைச்சிக்கான தேவை மிகுந்த, மீன்பிடி எல்லை குறுக்கப்பட்டிருந்த ஒரு பகுதியில் இம்மீன்கள் மக்களுக்கு உணவாயின என்பதும் கருத்திற்கொள்ள வேண்டியதாகும்.

பாதுகாப்பு

இவ்வினம் தொடர்பாகக் காலந்தோறும் மேற்கொள்ளப்பட்ட முதன்மையான நடவடிக்கைகள் பின்வருமாறு:

- 1995: நடுநிலக் கடலைக் காப்பதற்கான பார்சிலோனா உடன்படிக்கையின் கீழ், உயிரினப் பல்வகைமைக்கான நெறிமுறை உருவாக்கப்பட்டது. அதன் அருகிய இனங்களின் பட்டியலில் இம்மீன் இடம்பெற்றது.
- 2007: மெக்சிக்கோ தன் கடலில் கொம்புத் திருக்கைகளையும் மான்டா திருக்கைகளையும் பிடிப்பதற்குத் தடை விதித்தது.
- 2010: நியூசிலாந்து இவ்வினத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வழங்கியது.
- 2012: நடுநிலக் கடலுக்கான பொது மீன்வள ஆணையம், மேற்கூறிய பட்டியலிலுள்ள சுறா, திருக்கை இனங்களைப் படகில் வைத்திருப்பதையும் விற்பதையும் தடை செய்தது.
- 2014: இடம்பெயரும் காட்டுயிர்களுக்கான உடன்படிக்கையின் இரு பட்டியல்களிலும் கொம்புத் திருக்கைகள் சேர்க்கப்பட்டன.
- 2015: கிழக்குப் பசிபிக்கில் சூரை மீன்பிடியை ஒழுங்குபடுத்தும் ஆணையம், பிடிபடும் கொம்புத் திருக்கைகளை விடுவிக்க வேண்டும் என்று விதித்தது.
- 2016: அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீசு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் கொம்புத் திருக்கைகள் அனைத்தையும் சேர்க்கத் தென்னாப்பிரிக்காவின் யோகான்னசுபேர்க்கு நகரில் முடிவெடுக்கப்பட்டது. இது 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.
- 2019: இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம், பிழைப்புக்கான சிறுதொழில் மீன்பிடிக்குச் சில விலக்குகள் அளித்து, இவற்றைப் படகில் வைத்திருப்பதைத் தடை செய்தது.
- 2022: இந்தியாவின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டது. சைட்டீசு பட்டியல்களிலுள்ள உயிரினங்களுக்கென அதில் தனி அட்டவணை சேர்க்கப்பட்டது.
- 2025: உசுபெக்கிசுத்தானின் சமர்கந்து நகரில் கூடிய சைட்டீசு மாநாடு, கொம்புத் திருக்கைகளையும் மான்டா திருக்கைகளையும் முதலாம் பட்டியலுக்கு உயர்த்த முடிவு செய்தது. முதலாம் பட்டியலில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பொதுவாகத் தடை செய்யப்பட்டதாகும்.

சைட்டீசு உடன்படிக்கை நாடுகளுக்கிடையே நடைபெறும் வணிகத்தை மட்டுமே கட்டுப்படுத்தும். ஒரு நாட்டின் மீனவர் பிடித்து அந்நாட்டிலேயே விற்கும் மீனுக்கு அது பொருந்தாது. செவுள் தட்டு வணிகத்தை இது தடுக்கக்கூடும். ஆனால் வலையில் தவறுதலாகச் சிக்கும் மீனுக்கு இதனால் நேரடிப் பயன் இல்லை.

விடுவித்தலும் பிழைத்தலும்

பிடிபட்ட மீனைக் கடலில் விட்டுவிட்டால் அது பிழைத்துக்கொள்ளும் என்பது பல விதிகளின் அடிப்படைக் கருத்தாகும். இது எந்த அளவுக்கு உண்மை என்பதை நியூசிலாந்தில் நடந்த ஓர் ஆய்வு சோதித்தது. சூரை சுருக்கு வலைகளில் சிக்கி விடுவிக்கப்பட்ட 9 முள்வால் கொம்புத் திருக்கைகளுக்குச் செய்மதிக் குறிகள் பொருத்தப்பட்டன. 7 குறிகளிலிருந்து தரவுகள் கிடைத்தன. அவ்வேழு மீன்களுள் 4 மீன்கள் விடுவிக்கப்பட்ட 2 முதல் 4 நாட்களுக்குள் இறந்துவிட்டன. 2017 ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வு, இறந்தவை யாவும் வலையில் சிக்கிய நிலையில் கப்பலின் தளத்துக்கு ஏற்றப்பட்டவை என்பதைக் குறிப்பிட்டது.

இதிலிருந்து இரு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, நீந்திச் செல்வதாகத் தோன்றும் மீனும் பின்னர் இறக்கக்கூடும். எனவே உயிருடன் விடப்பட்டவை எனக் கப்பல்களின் பதிவேடுகளில் எழுதப்படும் எண்ணிக்கையை அப்படியே பிழைத்தவற்றின் எண்ணிக்கையாகக் கொள்ள முடியாது. இரண்டாவது, விடுவிக்கும் முறையும் காலமும் இன்றியமையாதவை. நீரிலேயே, வலை சுருங்குமுன் விடுவிக்கப்படும் மீனுக்கே பிழைக்கும் வாய்ப்பு மிகுதி.

இதனால் பல மீன்வள ஆணையங்கள் கையாளும் முறைகளையும் வகுத்துள்ளன. தலை மடல்களையோ செவுள் பிளவுகளையோ பற்றி இழுத்தல், கூரிய கொக்கியால் குத்தித் தூக்குதல், வாலைக் கட்டி இழுத்தல் ஆகியவை தவிர்க்கப்பட வேண்டியவையாகும். பெரிய மீன்களை விரிப்பு அல்லது அகன்ற வலைத் துண்டின் மீது கிடத்திப் பாரந்தூக்கியால் இறக்கிவிடுவது பரிந்துரைக்கப்படுகின்றது. சூரைகள் கீழே விழ, பெரிய திருக்கைகள் மேலே தங்கி உடனே கடலுக்குத் திருப்பப்படும் வகையில் அமைந்த சட்டகங்களும் சுருக்கு வலைக் கப்பல்களில் சோதிக்கப்பட்டுள்ளன.

செவுள் வலைகளில் இம்முறைகள் அவ்வளவாகப் பயன்படுவதில்லை. இரவு முழுவதும் கடலில் கிடக்கும் வலையை மீனவர் இழுக்கும்போது, அதில் சிக்கிய கொம்புத் திருக்கை பெரும்பாலும் ஏற்கெனவே இறந்திருக்கும். அவ்விடங்களில் திருக்கைகள் கூடும் பருவத்தையும் பகுதியையும் கண்டறிந்து வலையிடுவதைத் தவிர்த்தல், வலை கடலில் கிடக்கும் நேரத்தைக் குறைத்தல், வேறு வகை மீன்பிடிக் கருவிகளுக்கு மாறுதல் ஆகிய வழிகளே எஞ்சியுள்ளன. இவை மீனவரின் வருவாயைப் பாதிக்கக்கூடியவை என்பதால், அவர்களின் ஒத்துழைப்பும் அவர்களுக்கான உதவியும் இன்றி இவ்வழிகளை நடைமுறைப்படுத்துவது கடினமாகும்.